ஜக்கம்மாள் வீட்டுக் கோலம்

முதல் புள்ளியே சரியாக விழவில்லை. விரலிடுக்கிலிருந்து கோலப்பொடி மொத்தமாகக் கொட்டி, ஒரு ரூபாய் அகலத்துக்கு வாசலில் குவிந்து உட்கார்ந்துகொண்டது. சோலைமுத்து குனிந்து அதை ஊதினான். பொடி அவன் கண்ணுக்குள் போயிற்று.

மார்கழி ஒன்று. திண்டுக்கல் பேகம்பூர் பள்ளிவாசலில் அப்போதுதான் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். இன்னும் அரை மணி நேரத்தில் தெரு விழித்துவிடும். எல்லா வாசலிலும் கோலம் இருக்கும். அவன் வாசல் மட்டும் மொட்டையாகக் கிடந்தால் மனைவி ஜக்கம்மாள் வீட்டில் இல்லை என்று மைக் வைத்துச் சொன்ன மாதிரி.

ஜக்கம்மாள் முந்தின நாள் சாயங்காலம் அகரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சோலைமுத்து நூல் மில்லில் ஃபிட்டர். பதினாறு வருஷமாக நைட் ஷிஃப்ட். காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, தின்றுவிட்டுப் படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுவான். நேற்றும் அப்படித்தான் எழுந்து காப்பி கேட்டான். டம்ளரை நீட்டிய அவள் வலது கையில் கட்டு இருந்தது.

"என்ன கையில?"

"இப்பத்தான் தெரியுதா? நாலு நாளா இருக்கு. குக்கர் சுட்டது."

"சொன்னாத்தான தெரியும்."

"பதினாறு வருசமா இந்த வீட்ல நான் என்ன செய்யுறேன்னு ஒண்ணு சொல்லுங்க பாப்போம். ஒண்ணே ஒண்ணு."

சோலைமுத்து யோசித்தான். வேலை முடிந்து வரும்போது அவன் கண்ணில் முதலில் படுவது வாசல் கோலம். அது எப்போதும் நன்றாக இருக்கும். அதைச் சொன்னான்.

"கோலம் போடுற. இந்த வீட்ல நீ உருப்படியாச் செய்யுற வேலை அது ஒண்ணுதான்."

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். ஜக்கம்மாள் அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். பிறகு உள்ளே போய் நாலு சேலையை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று ராத்திரி சோலைமுத்து ஷிஃப்ட்டுக்குப் போகவில்லை.

போனது கூடப் பரவாயில்லை. தெருவுக்குத் தெரியக் கூடாது. போன வருஷம் தெரு முக்கில் இருக்கும் பாண்டியராஜின் மனைவி மூன்று மாதம் தாய் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். அப்போது டீக்கடையில் சோலைமுத்துதான் சத்தமாகச் சொன்னான்: "பொண்டாட்டிய வீட்ல வச்சுக்கத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குடா வேட்டி?" டீக்கடை இரண்டு வாரம் சிரித்தது. அதே சிரிப்பு இப்போது அவன் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு வரும்.

பொங்கலுக்குள் எப்படியும் வந்துவிடுவாள். அதுவரை முப்பது நாள். முப்பது கோலம். அவ்வளவுதானே என்று நினைத்தான்.

முதல் கோலம் லாரி ஏறிய தவளை மாதிரி வந்தது. அழிக்கலாமா என்று பார்ப்பதற்குள் எதிரே ஒரு கேட்டின் கொண்டி சத்தம் கேட்டது. சோலைமுத்து உள்ளே ஓடி ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தான்.

எதிர்வீட்டுப் பொன்னழகு. அவன் வீட்டு முற்றத்தில் இருக்கும் அடிகுழாயில் தண்ணீர் எடுக்க வருபவள். இடுப்பில் குடம், இன்னொரு கையில் கோலப்பொடி டப்பா. தன் வாசலுக்குப் போட்டுவிட்டு அப்படியே வருகிறாள் போலிருக்கிறது. தவளையைப் பார்த்ததும் நின்றாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். வீட்டுக் கதவைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சோலைமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. பொன்னழகு வீட்டு வாசலில் என்றைக்கும் நாலு புள்ளிக்கு மேல் இருந்ததில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம், "எதிர்த்தாப்ல எம்பொண்டாட்டி கோலத்தப் பாத்தாவது பழகு பொன்னழகு" என்று சொல்வான். அவள் சிரித்துக்கொண்டு போவாள். அவளெல்லாம் இன்று நின்று பார்க்கிறாள்.

ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு சகாயராணி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். கான்வென்ட் பள்ளியில் டீச்சர். கேள்வி கேட்டுப் பழகியவள்.

"என்னண்ணே, இன்னிக்கு அக்கா கோலம் நொண்டுது?"

"கையில கட்டு."

"அச்சச்சோ. செத்த நேரம் வந்து பாத்துட்டுப் போறேன்."

"வேணாம், வேணாம். அவ..." அடுத்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. "மௌன விரதம் இருக்கா. மார்கழி முழுக்க. யாரு மூஞ்சியையும் பாக்கக் கூடாது, யாருகிட்டயும் பேசக் கூடாது."

"உங்ககிட்டயுமா?"

"எங்கிட்டயும்தான்."

"அது எப்பவும் உள்ளதுதானண்ணே" என்று சொல்லிவிட்டு சகாயராணி தலையை இழுத்துக்கொண்டாள்.

விடியற்காலையில் கோலம் போட வேண்டும் என்றால் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும். சோலைமுத்து மில்லில் மேஸ்திரி இருதயநாதன் முன்னால் போய் நின்றான்.

"எனக்குப் பகல் ஷிஃப்ட் வேணும்."

இருதயநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஏலே, பதினாறு வருசமா நைட்டுதான் வேணும்னு நின்னவன் நீ. ஆள் சத்தமே ஆகாதும்ப. இப்ப என்ன?"

"வீட்ல மேலுக்கு முடியல."

"யாருக்கு, தங்கச்சிக்கா? என்ன சீக்கு?"

"சீக்கு இல்ல. விரதம்."

"விரதம் இருக்கிறவளுக்கு மேலுக்கு முடியலையா, மேலுக்கு முடியாதவ விரதம் இருக்காளா?"

"ரெண்டுந்தான்."

இருதயநாதன் ஷிஃப்ட்டை மாற்றிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் சகாயராணியைப் பார்த்தபோது இதையும் சொன்னார். அன்று சாயங்காலமே சகாயராணி ஒரு தூக்குவாளியோடு வந்துவிட்டாள்.

"ரசமும் சோறும். தொட்டுக்க முருங்கைக்கீரை வெஞ்சனம். அக்காவுக்குக் குடுங்க. நான் பாக்கல, வாசல்லயே நிக்கிறேன்."

திறந்து பார்த்தான். ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. வீட்டில் இரண்டு பேர் இருப்பது தெரிந்தும் இப்படிக் கொண்டுவருகிறாளே, டீச்சர் என்றாலே கஞ்சம்தான் என்று நினைத்துக்கொண்டே முழுவதையும் தின்றான். மறுநாள் பொன்னழகு இட்லி கொண்டுவந்தாள். நாலே நாலு. அதுவும் ஒரு ஆளுக்குத்தான்.

பகல் ஷிஃப்ட்டில் ஒரு சங்கடம் இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு கடிகாரம் இருப்பதும் அதற்குச் சத்தம் இருப்பதும் அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. உப்பு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. ஹார்லிக்ஸ் எங்கேயும் இல்லை. டிவியைப் போட்டால் அதில் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். அணைத்தான். இருட்டியதும் படுத்தான். தூக்கம் பதினாறு வருஷமாகப் பகலில் வந்து பழகியது, ராத்திரியில் அவனைத் தேடி வரவில்லை. புரண்டு படுத்துக்கொண்டு, நாளைக்கு என்ன கோலம் போடுவது என்று யோசித்தான். வேறு யோசிக்க எதுவும் இல்லை.

ஃபிட்டர் மூளை வேலை செய்தது. நூல் சுற்றும் காகிதக் கோன் ஒன்றை மில்லிலிருந்து கொண்டுவந்து, நுனியை அளவாக அறுத்து, பொடியை நிரப்பி, தரையில் இழுத்தான். நாற்பதாம் நம்பர் நூல் மாதிரி ஒரே சீராகக் கோடு விழுந்தது. புள்ளிக்கு ஆணியில் கயிறு கட்டி அளந்தான். பஸ் ஸ்டாண்டில் கோலப் புத்தகம் வாங்கி, தினத்தாளுக்குள் சுருட்டிக் கொண்டுவந்தான். கடைக்காரன், "மகளுக்காண்ணே?" என்றான். "ம்" என்றான். இல்லாத மகளுக்காகப் புத்தகம் வாங்கியது அன்று முழுக்க உறுத்தியது.

நாலாம் நாள் தாமரை வந்தது. ஐந்தாம் நாள் சங்கு. சகாயராணி, "அக்கா கை ஆறிருச்சு போல" என்றாள். அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதை ஒருவரிடமும் சொல்ல முடியாதது பெரிய தொந்தரவாக இருந்தது.

பனிமூட்டத்தையும் மீறி யாராவது பார்த்துவிட்டால்? அந்தப் பயத்தில் ஆறாம் நாளிலிருந்து ஜக்கம்மாளின் பழைய பச்சைச் சேலையை முக்காடாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். எட்டாம் நாள் அது நடந்தது. சகாயராணி அதிகாலைப் பூசைக்குக் கிளம்பியவள், கேட்டைத் திறந்துகொண்டு நேராக வந்து அவனுக்கு எதிரே குத்த வைத்து உட்கார்ந்தாள்.

"அக்கா, பேச வேணாம். விரதம்னு தெரியும். நான் பேசுறேன், நீங்க போடுங்க."

சோலைமுத்து முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்து, மீசையைச் சேலை முனையால் பொத்திக்கொண்டு தலையாட்டினான்.

"அண்ணனப் பத்தித்தான்க்கா. கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. ஆனா ஒரு மிஷின் மாதிரி. மில்லுல நூல் அறுந்தா ஓடிப்போயிப் பாப்பாரு. வீட்ல ஒரு மனுசி அறுந்து கெடந்தா தெரியாது. நீங்க எப்பிடித்தான் இம்புட்டு வருசம் பொறுத்தீகளோ."

சோலைமுத்து கோனை அழுத்திவிட்டான். இதழ் ஒன்று வளைந்து பக்கத்து இதழுக்குள் போய்விட்டது.

"அழுகாதீக அக்கா" என்றாள் சகாயராணி.

அவன் அழவில்லை. முக்காட்டுக்குள் மூச்சு முட்டியது.

"இதையெல்லாம் அவரு காதுல யாராவது போடணும். போட்டா மட்டும் என்ன, தப்ப ஒத்துக்கிட்டு ரெண்டு வார்த்த பேசிருவாராக்கும்?" எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "சரிக்கா, வாரேன். பனியா இருக்கு, தலைய நல்லா மூடிக்கங்க."

அதற்குப் பிறகு பெண்கள் ஆர்டர் கொடுக்க ஆரம்பித்தார்கள். சாத்திய ஜன்னலைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"அக்கா, நாளைக்கு மயிலு!"

"கிறிஸ்மஸுக்கு நட்சத்திரத்தோட குடில், எங்க வாசலுக்கும் சேத்து!"

"ரெண்டாயிரம் வருசம் பொறக்குது, மூணு சைபரையும் பூவா போடுங்க!"

சொல்லிவிட்டுத் தெருவில் ஏதோ சிரித்துக்கொண்டு போவார்கள். மயிலுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இடுப்பு பிடித்துக்கொண்டு, மில்லில் ஒரு நாள் முழுக்க வளைந்தே நடந்தான். கிறிஸ்மஸ் அன்று இரண்டு வாசலுக்கும் போட்டு முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. கடைசியில் சகாயராணி வீட்டுச் சுவரை ஏறிக் குதித்துத் தப்பிக்க வேண்டியதாயிற்று. பச்சைச் சேலை ஆணியில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது.

புத்தகம் தீர்ந்துபோன அன்று, தெரிந்ததைப் போட்டான். ஒரு பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றி நாலு சின்னச் சக்கரம், ஒன்றின் பல் இன்னொன்றில் கடித்தபடி. மறுநாள் தெருவில் மூன்று வீட்டு வாசலில் அதே சக்கரம் கிடந்தது. சைக்கிளில் அந்த வழியாக வந்த இருதயநாதன் இறங்கிவிட்டார்.

"ஏலே, இது நம்ம ஸ்பின்னிங் மிஷின் கியர்ல?"

"வீட்ல வேலையப் பத்திச் சொல்லுவேன்ல. அத வச்சுப் போட்டிருப்பா."

"எங்கிட்டயே நீ பதினாறு வருசத்துல பத்து வார்த்த பேசுனதில்ல" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது பாண்டியராஜ் நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். அவன்தான் தெருப் பொங்கல் விழா கமிட்டிச் செயலாளர். அவனைப் பார்த்ததும் சோலைமுத்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"அண்ணே, மாசம் முழுக்க ஒவ்வொரு வாசலாப் பாத்து மார்க்கு போட்டோம். மொதப் பரிசு மதினிக்குத்தான். எவர்சில்வர் குடம்."

"சரி, குடு."

"தை ஒண்ணு சாயங்காலம் மேடையில. மதினி நேர்ல வந்து வாங்கணும். விரதம் அன்னிக்கு முடிஞ்சிருமில்ல?"

"நான் வாங்கிக்கிறேனப்பா."

"போட்டவுகதான் வாங்கணும்ணே. ரூல்ஸ்." பாண்டியராஜ் சிரிக்கவில்லை. அதுதான் சோலைமுத்துவைக் கலக்கியது.

போகி அன்று லீவு போட்டுவிட்டு அகரம் டவுன் பஸ்ஸில் ஏறினான். ஜக்கம்மாள் அண்ணன் தோட்டத்தில் கத்திரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

"கை ஆறிருச்சா?"

"ஆறி இருபது நாளாச்சு."

அவன் வரப்பில் நின்றான். "நாளைக்கு ஒரு நாள் வந்துட்டுப் போ. பரிசு வாங்கணும்."

"என்ன பரிசு?"

"கோலத்துக்கு. தெருவுல உனக்குத்தான் மொதப் பரிசு."

ஜக்கம்மாள் கையிலிருந்து கூடை விழுந்தது. "எனக்கா? கோலத்துக்கா?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கத்திரிச் செடிக்கு நடுவிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "மதினி! இங்க வாங்க! எனக்குக் கோலத்துல மொதப் பரிசாம்!" அண்ணன் மனைவி ஓடிவந்து, விஷயத்தைக் கேட்டு அவளும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சிரிக்கட்டும் என்று நின்றான். ஆம்பளை கோலம் போட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் தான் போட்டதை இன்னும் சொல்லவே இல்லையே என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

"நாந்தான் போட்டேன். முப்பதும்."

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணன் மனைவி மெல்ல நகர்ந்து வீட்டுப் பக்கம் போனாள்.

"நீங்களா? முப்பது நாளுமா?"

"ம்."

"எதுக்கு?"

அந்த இடத்தில் வேறு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்: "தெருவுல கேவலமாப் போயிரும்ல."

ஜக்கம்மாள் கூடையை எடுத்துக்கொண்டாள். "அப்பன்னா நீங்களே போயி வாங்கிக்கங்க."

திரும்பி வந்த பஸ்ஸில் கூட்டமே இல்லை. அவனுக்குப் பக்கத்து சீட்டில் யாரோ விட்டுப்போன கரும்புத் துண்டு ஒன்று திண்டுக்கல் வரைக்கும் கூட வந்தது.

தை ஒன்று காலையில் கோலம் போட வேண்டிய அவசியம் இல்லை. மார்க் போட்டு முடித்தாயிற்று. ஆனாலும் பாங்கு சத்தத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. சேலை இல்லாமல், முண்டா பனியனோடு போய் உட்கார்ந்தான். புத்தகத்தைத் தொடவில்லை. பதினாறு வருஷமாகக் காலை எட்டு மணிக்கு அவன் பார்த்த கோலத்தை நினைவிலிருந்து போட்டான். கொடிமேல் கொடியாகப் பின்னி, முடிகிற இடத்தில் இடது மூலையில் சின்னதாக ஒரு சுழி. வால் மாதிரி. எந்தக் கோலமானாலும் அந்தச் சுழி இருக்கும். அந்தச் சுழியைப் பார்த்தால்தான் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று இருக்கும். இதைத்தான் நேற்றுத் தோட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

தண்ணீருக்கு வந்த பொன்னழகு அந்தச் சுழிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். பிறகு கோலத்தை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிப் போய்த் தண்ணீர் அடித்தாள்.

சாயங்காலம் தெரு முக்கில் நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு மேடை. மைக்கில் பாண்டியராஜ். "மொதப் பரிசு, திருமதி ஜக்கம்மாள் சோலைமுத்து!"

சோலைமுத்து எழுந்து போனான்.

"அண்ணே, வேட்டி தடுக்குது. பாத்து ஏறுங்க" என்றான் பாண்டியராஜ்.

சோலைமுத்து மைக்கைப் பிடித்தான். அது கீச்சென்று கத்தியது. "அவ இல்ல" என்றான். "போயி ஒரு மாசமாச்சு. விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அகரத்துல இருக்கா. கோலம் நான் போட்டது. நேத்துக் கூப்பிட்டேன், வரல. எங்கூட எதுக்கு வரணும்?" பாண்டியராஜ் பக்கம் திரும்பினான். "பாண்டி, டீக்கடையில உன்னச் சொன்னது தப்பு. இப்பச் சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. பாண்டியராஜ் அவன் கையில் குடத்தைக் கொடுத்தான். "போட்டவுகதான் வாங்கணும்னு சொன்னேன்ல. வாங்கிக்கங்க" என்றான். சகாயராணி கைதட்டினாள். இருதயநாதனும் தட்டினார். தெருவே தட்டியது. ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சோலைமுத்து கீழே இறங்கினான். முன் வரிசையில் சகாயராணியும் பொன்னழகும் இருந்தார்கள்.

"அப்ப உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்ணே" என்றாள் சகாயராணி. "இல்லாட்டி தெனமும் ஒரு ஆளுக்கு மட்டும் சோறு கொண்டு வருவோமா?"

"எப்பிடி? மொதக் கோலம் கோணலா இருந்ததப் பாத்தா?"

சகாயராணி பொன்னழகைப் பார்த்தாள். பொன்னழகு அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் கையிலிருந்த குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கோணல் இல்லண்ணே, அக்காவுக்கு ஒரு புள்ளி வைக்கக்கூடத் தெரியாது, பதினாறு வருசமா நீங்க வேலைக்குப் போயிருக்கையில உங்க வாசல்ல கோலம் போட்டது நாந்தான்."